மல்லாட்டைக்கு ஒரு சாக்கு

"ஐயய்யோ! மறுபடியுமா!"

காலையில் வளர்மதி போட்ட சத்தத்தில் வீடே விழித்துக்கொண்டது. அவர் மகள் ஜெயஸ்ரீ பாயிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். வாசலில் கிடந்த சணல் மிதியடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பக்கத்தில் மல்லாட்டை வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா, நான் அலசிப் போட்டுடறேன். நீ கத்தாத. அது பயந்துக்கும்."

"அதுவா பயந்துக்கும்? இந்த வீட்ல நான்தான் பயந்து பயந்து கால வைக்கிறேன்!"

மல்லாட்டை ஒரு குட்டி நாய். ஜெயஸ்ரீயின் அப்பா வெற்றிவேல், செஞ்சியிலிருந்து வல்லம் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். வல்லத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, இருந்தது. அங்கே பிறந்த குட்டிகளில் ஒன்றை அவர் மகளுக்காகக் கொண்டு வந்தார். வறுத்த கடலையின் நிறம். அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மிகவும் கெட்டிக்காரக் குட்டி அது. வந்த மறுநாளே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது. ஜெயஸ்ரீயின் சைக்கிள் மணியைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடும். ஆனால் ஒன்றுக்குப் போக மட்டும் அதற்கு வீட்டைத் தவிர வேறு இடம் தெரியவில்லை.

ஒரு நாள் வெற்றிவேல் வேலை முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றி எட்டப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கி பஸ்ல இன்னா நடந்துச்சி தெரியுமா? நிக்கக்கூட எடம் இல்லாத கூட்டம். ஆனா என்னச் சுத்தி மட்டும் ஒரு ஆளு இல்ல! எல்லாரும் தள்ளித் தள்ளிப் போறாங்க. அப்புறம்தான் சட்டய மோந்து பாத்தேன். ராத்திரி கொடியிலருந்து கீழ வுழுந்து கெடந்துச்சி, இது நனச்சி வெச்சிருக்குது."

வளர்மதி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெயஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் முகத்தில் கோபம் தெரிந்தது.

"போதும் ஜெயா. ஞாயித்துக்கெழம இத மண்டியிலயே வுட்டுட்டு வந்துடறேன்."

"நைனா, வேணாம் நைனா! நான் கத்துக் குடுத்துடறேன்."

"நீயும்தான் தெனமும் வெளிய கூட்டிட்டுப் போற. அது போவுதா?"

அவர் சொன்னது உண்மைதான். பால் குடித்ததும், தூங்கி எழுந்ததும் ஜெயஸ்ரீ அதை வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குத் தூக்கிப் போவாள். அங்கே ஒரு புங்கமரம் உண்டு. அதன் நிழலில் இறக்கி விட்டால், மண்ணில் கால் பட்டதும் மல்லாட்டை ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும். பிறகு இன்னொரு காலை. சூடான தோசைக்கல்லில் நிற்பதுபோல் தவித்துவிட்டு அவளிடமே ஓடி வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் எங்காவது ஓரமாகப் போய்விடும்.

ஒருமுறை வளர்மதி அதட்டியபோது அது கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் இருந்த கோணிப்பையும் நனைய ஆரம்பித்தது. திட்டியதால் அது நிறுத்தவில்லை, ஒளிந்து போகத்தான் கற்றுக்கொண்டது என்று ஜெயஸ்ரீக்குப் புரிந்தது. அதனால் அவள் ஒருநாளும் அதை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. நனைந்ததை அலசிப் போட்டுவிட்டு, குட்டியையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

'பிறந்த இடத்தில் இது எங்கே போயிருக்கும்?'

இந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை பள்ளி விடுமுறை. "நைனா, நானும் உங்க பஸ்ல வல்லம் வரேன். மண்டிய ஒரு தடவ பாக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தாள்.

மண்டியில் மூட்டை தைக்கும் ரத்தினம்மாள் அவளை உள்ளே கூட்டிப் போனார். தரை முழுக்க சிமெண்ட். மூலையில் தாய் நாய் படுத்திருந்தது. குட்டிகள் பால் குடித்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடின.

"அத்த, நான் கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்திருக்கட்டா?"

"உக்காரு கண்ணு. இதுங்கள பாத்துக்கினே இருந்தா பொழுது போறதே தெரியாது."

சற்று நேரத்தில் ஒரு குட்டி தரையை முகர்ந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு குடுகுடுவென்று ஓடிப் போய், சுவரோரம் கிடந்த பழைய சாக்கின்மேல் ஏறி, அங்கே போய்விட்டு வந்தது. அதன் பின்னால் இன்னொன்றும் அதே சாக்குக்குப் போனது.

ஜெயஸ்ரீ துள்ளி எழுந்தாள்.

"அத்த! இதுங்க வெளிய போறதே இல்லியா?"

"வெளிய லாரி வருது, போவுது. அதான் வுடறதில்ல. பொறந்ததுலருந்து இந்தச் சாக்குலதான் எல்லாம். மண்ண மிதிச்சதே இல்ல."

சணல் மிதியடி. கோணிப்பை. கீழே விழுந்த சொரசொரப்பான காக்கிச் சட்டை. மல்லாட்டை ஒருநாளும் வெறும் தரையில் போனதில்லை! அது சொன்னபேச்சு கேட்காத குட்டி இல்லை. தனக்குத் தெரிந்த ஒழுங்கைத்தான் அது சரியாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறது.

"அத்த, அந்தச் சாக்க எனக்குக் குடுப்பீங்களா?"

"நல்ல சாக்கு இருக்குது, எடுத்துக்கோ. அது நாறுது!"

"நாறுறதுதான் வேணும் அத்த."

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட்டில் அவள் சாக்கைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். "இன்னா நாத்தம்பா இது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வெற்றிவேல் ஜன்னல் வழியே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மல்லாட்டை பால் குடித்ததும் ஜெயஸ்ரீ அதைப் புங்கமரத்தடிக்குத் தூக்கிப் போனாள். சாக்கை விரித்து, அதன் மேல் இறக்கிவிட்டாள். வெற்றிவேலும் வளர்மதியும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

மல்லாட்டை முகர்ந்தது. சுற்றியது. பிறகு, நிம்மதியாக, நீண்ட நேரம் போனது.

"சமத்து! எஞ் சமத்துக்குட்டி!" ஜெயஸ்ரீ அதன் தலையைத் தடவி ஒரு பிஸ்கட் துண்டைக் கொடுத்தாள்.

வெற்றிவேல் தொண்டையைச் செருமினார். "சரி, பாக்கலாம். எத்தினி நாளுக்குச் சாக்கத் தூக்கிக்கினே அலையுவ?"

அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். சாக்கின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். போர்வை அளவு இருந்தது துண்டு அளவானது. அவசரப்பட்டு ஒருநாள் கைக்குட்டை அளவுக்கு வெட்டிவிட்டாள். மல்லாட்டை குழம்பிப்போய், வீட்டில் துணி மூட்டையை நனைத்துவிட்டது. "என் தப்புதான்டா" என்று அவள் மறுபடி பெரிய துண்டைப் போட்டாள். இந்தத் தடவை பொறுமையாக, விரல் அகலம் விரல் அகலமாகக் குறைத்தாள். ஒவ்வொரு முறையும் குட்டியின் பின்கால்கள் இன்னும் கொஞ்சம் மண்ணில் பதிந்தன. இப்போது அது காலைத் தூக்கவில்லை.

வளர்மதி பக்கத்து வீடுகளில் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். "எனக்கு அந்தப் பொறும வராதும்மா" என்பார் பெருமையாக.

ஒரு நாள் மாலை ஜெயஸ்ரீ பள்ளியிலிருந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. பின்னால் போய்ப் பார்த்தாள். புங்கமரத்தடியில் வெற்றிவேல் கசங்கிய கைலியோடு, தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்தார். பக்கத்து வீட்டு அப்சல் பாயிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்லா தூங்கிக்கினு இருந்தேன் பாய். கைலியப் புடிச்சி ஒரே இழு! இன்னாடான்னு எழுந்தா, கதவாண்ட ஓடுது, என்னப் பாக்குது, மறுபடி கதவாண்ட ஓடுது. தொறந்து வுட்டேன். நேரா இங்க வந்துச்சி. சாக்கு இல்ல, ஒண்ணு இல்ல. வெறும் மண்ணு! வேலய முடிச்சிட்டுத்தான் திரும்பிப் பாத்துச்சி. இன்னா அறிவு பாய் இவனுக்கு!"

"நைனா!" ஜெயஸ்ரீ சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான் புள்ள. நீ சொல்லிக் குடுத்தது வீண்போவல." அவர் மகளின் தலையில் கை வைத்தார்.

"அப்ப மண்டிக்கு அனுப்ப மாட்டீங்களே?"

"மண்டிக்கா? இவனயா? யாரு அப்டிச் சொன்னது?" என்று அவர் உண்மையாகவே கோபப்பட்டார்.

மல்லாட்டைக்கு இந்தப் பேச்செல்லாம் அலுத்துவிட்டது. வாலை நிமிர்த்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தது. "டேய், இருடா, நானும் வரேன்" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றிவேல் அதன் பின்னால் ஓடினார்.