ஒன்றாவது கியர் என் பக்கம்

“ஊட்டுக்குப் போற வரைக்கும் வண்டியப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரியா?” என்றாள் அம்மா சித்ரா, பள்ளிக்கூட வாசலிலேயே.

பூமாரி தலையாட்டினாள். அவளைப் போன்ற வாயாடிக்குச் சாப்பிடாமல் இருப்பதுகூட இதைவிடச் சுலபம். ஆனால், அப்பா பக்கத்தில் இல்லாமல் அம்மா கார் ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

சின்னக்கானலைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். மூன்றாவது கியரில் கார் முக்கியது, முனகியது. பாதி ஏற்றத்தில் நின்றேவிட்டது.

அம்மா மறுபடி வண்டியைக் கிளப்பி, கியரை மேலே தள்ளினாள். கார் இரண்டு குதி குதித்து அணைந்தது. கொஞ்சம் பின்னால் உருண்டது.

பூமாரி பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு யானை, அவர்களுக்குப் பின்னால், சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா... பின்னால ஆனை!”

“ஐயோ மாரியாத்தா!” அம்மாவின் கை ஹாரனுக்குப் போனது.

“ஹாரன் அடிக்காதம்மா, மிரண்டுரும்!”

அம்மா பதறிப்போய்ச் சாவியைத் திருகினாள். கியரைத் தள்ளினாள். மறுபடியும் அதே குதி. கார் யானையை நோக்கி இன்னும் நழுவியது. அம்மா பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். யானை காதை விரித்துக்கொண்டு நின்றது.

“இறங்கி ஓடிருவமா, புள்ள?”

“ஆனைய விட வேகமாவா ஓடுவோம்?”

பூமாரி கியரையே பார்த்தாள். நிறுத்தியிருக்கும் காரில் ஏறி, வாயால் ‘டுர்ர்’ என்று ஓட்டித் தினமும் திட்டு வாங்குபவள் அவள். எந்தக் கியர் எங்கே என்று அவள் கைக்கே தெரியும். அம்மா நேராக மேலே தள்ளுகிறாள். அது மூன்று! ஏற்றத்தில் புறப்பட ஒன்று அல்லவா வேண்டும்?

கத்தத்தான் வாயெடுத்தாள். அம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன. கத்தினால் இன்னும் பயந்துவிடுவாள். பூமாரி மெதுவாக அம்மாவின் கைமேல் தன் கையை வைத்தாள்.

“அது மூணும்மா. ஒண்ணு எம் பக்கம் இருக்கு. கிளட்ச மிதிச்சுக்கிட்டு சாவியத் திருகு... அப்படியே கியர எம் பக்கமா இழு... இப்ப மேல தள்ளு. கிளட்ச மெதுவா விடு.”

யானை ஒரு காலை முன்னால் வைத்தது. கார் ஒரு சாண் நழுவியது. பிறகு உறுமியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது!

கண்ணாடியில் யானை சின்னதாகிக்கொண்டே வந்தது. இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், அது சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத் தேயிலைக்குள் போனது.

மேட்டுக்கு வந்த பிறகும் அம்மா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நான் பேசிட்டேனேம்மா... கோவமா?”

அம்மா சிரித்துவிட்டாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

எதிரே இன்னொரு ஏற்றம் வந்தது. அம்மா வேகத்தைக் குறைத்து, கியரில் கை வைத்தாள்.

“உம் பக்கந்தான, பூமாரி?”

“எம் பக்கமேதான்!” என்றாள் அவள்.