அறுபது துண்டுகள்

கிழக்கு வெளுப்பதற்குள் குளிர்கூடத்தின் தரையில் கோடு போட்டிருந்த அறுபது கட்டங்களிலும் துண்டு விழுந்துவிட்டது. பூப்போட்ட துண்டு, ஈரிழைத் துண்டு, கட்சிக்கரை வைத்த பழைய துண்டு, பள்ளிச் சீருடையை வெட்டித் தைத்த துண்டு. ஒவ்வொன்றின் மூலையிலும் நூலால் தைத்த பெயர். இலக்கியா கட்டம் கட்டமாகக் குனிந்து, பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டே போனாள்.

"ஹரிஷ் அண்ணன் துண்டைப் பாத்தியா? போர்வை மாதிரி கீது," என்றான் அவள் கணவன் தினகர். படியில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"அவரு உடம்புக்கு அது கைக்குட்டை. நீ குடிச்சிட்டுக் கிளம்பு."

வேலூர், சுண்ணாம்புக்காரத் தெரு. ஒருகாலத்தில் இது கல்யாண மண்டபம். மேலே மாலை மாற்றிவிட்டுக் கீழே இலை போட்டுச் சாப்பிட்டார்கள். இப்போது மேல்தளம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பும் சூரியத் தகடுகளும். கீழே சுவரோரம் அடுக்கிய உப்புப்பேழைகள். இரவில் மின்கலத்தின் தயவில் அந்த உப்பு உறையும். பகலில் மெல்ல உருகிக் கூடத்தின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். மற்றதெல்லாம் தெருக்காரர்களின் தோள்.

"உங்கள் தெரு, உங்கள் பொறுப்பு" என்று அரசாங்கம் கைகழுவிய வருடத்தில், இதைக் கட்ட முதலில் மண்வெட்டி எடுத்தவர்கள் இலக்கியாவும் தினகரும்தான். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். கொத்தனார் வந்தார், கணக்கு வாத்தியார் வந்தார், நடக்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சுண்ணாம்பு குழைத்தார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மக்கள் நினைத்தால் எதுவும் முடியும் என்று எழுதினார்கள். அந்த வாசகத்தை மேல்சுவரில் பெயின்ட்டில் எழுதி வைத்ததும் இலக்கியாதான்.

சங்கு ஊதியது. முதல் சங்கு.

அவள் சுவரிலிருந்த ஈரவெப்பமானியைப் பார்த்தாள். வெறும் வெயிலை அளக்கிற கருவியல்ல அது. வெயிலையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளப்பது. அது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டால் வியர்வை ஆறாது. நிழலில் உட்கார்ந்து பானை பானையாகத் தண்ணீர் குடித்தாலும் சில மணி நேரத்தில் மனிதன் அடங்கிவிடுவான். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு நாள் அப்படி வந்தது. இந்த மே மாதத்தில் வராத நாளை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

"வெளியே இப்பவே முப்பத்திரண்டு," என்றாள். "ராத்திரி புழுக்கத்துல உப்பு பாதிதான் உறைஞ்சிருக்கு தினா. இன்னிக்குக் கதவை ஒரு தரம்கூடக் கூடுதலாத் திறக்க முடியாது."

தினகர் கூழ்ச் சொம்பை வைத்துவிட்டு எழுந்தான். அவன் தெருவின் தட்டாளர். முதல் சங்குக்கும் மூன்றாம் சங்குக்கும் நடுவே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவது அவன் வேலை. தனியாகக் கிடப்பவர்கள், சங்கு காதில் விழாதவர்கள், வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் எல்லாரையும் கிளப்பிக் கொண்டுவர வேண்டும். கடைசியில் உள்ளே நுழைபவன் அவன்.

போகும்போது மகளைப் பார்த்துவிட்டுப் போனான். மகிழினி எட்டு மாதக் கர்ப்பிணி. உப்புப்பேழைகளுக்குப் பக்கத்திலேயே அவளுக்குக் கட்டம் ஒதுக்கியிருந்தார்கள்.

"என்னம்மா, உள்ள இருக்கிற ஆளுக்குத் துண்டு போட்டாச்சா?"

"அதுக்கு நான்தாம்பா துண்டு," என்றாள் மகிழினி. சிரித்தாலும் மூச்சு வாங்கியது.

அறுபது என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல. ஒவ்வொரு உடம்பும் ஒரு நூறு வாட் அடுப்பு. அறுபது அடுப்புக்கு மேல் அந்த உப்பு தாங்காது. தெருவிலோ நூறு பேருக்கு மேல். ஆரம்பத்தில் வாசலில் தள்ளுமுள்ளு, அடிதடி. பிறகு யாரோ ஒருவர், பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுவதைப் போல, விடியற்காலையில் வந்து துண்டு போட்டு இடம் பிடித்தார். மறுநாள் பத்துப் பேர் போட்டார்கள். சண்டை நின்றது. தெருக்கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து அதையே சட்டமாக்கினார்கள். துண்டு என்றால் ஆள். போட்டவர் தன் வாயால் விட்டுக்கொடுத்தால் ஒழிய அந்தக் கட்டத்தை இன்னொருவர் தொடக்கூடாது. இடம் கிடைக்காதவர்கள் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக் கூடத்துக்குப் போவார்கள்.

சட்டம் போட்ட அன்று கைதட்டியவர்களில் இலக்கியாவும் ஒருத்தி.

இரண்டாம் சங்கு ஊதியபோது கூடம் நிரம்பியிருந்தது. விசிறி சுற்றும் சத்தம், குழந்தைகளின் சிணுங்கல், யாரோ ஊறுகாய் டப்பாவைத் திறந்த வாசனை. இலக்கியா மறுபடி ஒரு சுற்று வந்தாள். ஐந்து கட்டங்களில் துண்டு மட்டும் கிடந்தது. ஒன்று தினகருடையது. மற்ற நான்கும் ஒரே குடும்பத்துத் துண்டுகள், கான்ட்ராக்டர் அஸ்வின் வீடு.

வாசலில் தினகரின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தாள். அவனோடு தஸ்லிமாவும் அவள் மகள் ஜைனப்பும் நின்றிருந்தார்கள். தெருக்கோடியில் தையல் மெஷின் போட்டிருப்பவள் தஸ்லிமா. குழந்தைக்கு நான்கு வயதிருக்கும். தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

"ஸ்கூல் கூடத்துல மின்கலம் செத்துப்போச்சுக்கா," என்றாள் தஸ்லிமா. "உப்பே உறையலையாம். வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்க."

"எத்தனை பேரு?"

தினகர் பின்னால் கைகாட்டினான். எதிர்ச்சுவர் நிழலில் முப்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. தங்கள் துண்டு உள்ளே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் எல்லாக் கண்களும் கதவின் மேல்தான் இருந்தன.

"உள்ள எத்தினி காலி?" என்று மெதுவாகக் கேட்டான் தினகர்.

"காலின்னு ஒண்ணும் இல்ல. அறுபது துண்டும் கிடக்குது."

"துண்டைக் கேக்கல இலக்கி. ஆளைக் கேக்கறேன்."

"அஸ்வின் வீட்டுது நாலு."

"அவங்க வீட்டுலதான் சொந்தமா குளிர்ப்பெட்டி கீதே. அது என்னிக்காவது நின்னுட்டா இருக்கட்டும்னு தினமும் வந்து துண்டு போட்டுட்டுப் போறாங்க. இந்த வருஷம் ஒரு நாளாவது வந்திருக்காங்களா?"

"மூணாம் சங்கு வரைக்கும் அவங்க இடம் தினா. நாம போட்ட சட்டம்."

"சரி. என் துண்டுல இந்தப் புள்ளைய உக்கார வை."

"அதுவும் முடியாது. தட்டாளர் துண்டு கைமாறக் கூடாதுன்னும் சட்டம் இருக்கு. உன் துண்டை நான் மாத்திக் குடுத்தா, அதோ உக்காந்திருக்காங்களே, அத்தனை பேரும் எழுந்து வருவாங்க. இவங்களுக்கு மட்டும் எப்படின்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

உள்ளிருந்து ஹரிஷ் குரல் கொடுத்தார். "கதவைச் சாத்திட்டுப் பேசும்மா. சூடு உள்ள வருது."

தினகர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். "அப்போ முறையாவே செய்வோம். அஸ்வின் வீட்டுல போய் வாயால வாங்கிட்டு வந்துடறேன். நீயும் வாம்மா தஸ்லிமா. புள்ளை முகத்தைப் பாத்தா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."

"நேரம் ஆயிடும்," என்றாள் இலக்கியா.

"தெருமுனைதான. ஓடிப்போய் வந்துடறேன்."

சட்டத்தை மீறி அவள் அவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளவும் இல்லை, போகாதே என்று கையைப் பிடிக்கவும் இல்லை. அவன் முறையாகச் செய்யப் போகிறான் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அவன் ஓடினான். தஸ்லிமா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மூன்றாம் சங்கு நீளமாக ஊதும். அது ஊதி முடிவதற்குள் கதவு சாத்தப்பட வேண்டும். இலக்கியா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தெருமுனையையே பார்த்தாள். கானல் நெளிந்தது. அஸ்வின் வீட்டு இரும்புக் கேட் பூட்டியே கிடந்தது. அதற்கு முன்னால் தினகர் குழந்தையோடு நின்று அழைப்பு மணியை அழுத்திக்கொண்டிருந்தான். சங்கு தேய்ந்து அடங்கியது. அவள் கதவைச் சாத்தினாள். ரப்பர் பட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டது.

இனி அந்தக் கதவு சாயங்காலச் சங்குக்குத்தான் திறக்கும். நடுவில் திறக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்க வேண்டும். இதுவும் தெரு போட்ட சட்டம்தான். போன கோடையில் ஒவ்வொருவருக்காகவும் இரக்கப்பட்டு இரக்கப்பட்டுக் கதவைத் திறந்த ஒரு நாளில், உள்ளே இருந்தவர்களே ஏழு பேர் செத்துப்போனார்கள்.

வெகுநேரம் ஆகவில்லை. கதவு தட்டப்பட்டது.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதில் தினகரின் முகம் தெரிந்தது. தோளில் குழந்தை. பக்கத்தில் தஸ்லிமா. கதவு மேல் வாய் வைத்து அவன் கத்தியது உள்ளே மெல்லியதாகக் கேட்டது. "நாலு துண்டையும் விட்டுக் குடுத்துட்டாங்க. கேட்டு ஸ்பீக்கர்ல அஸ்வினே சொன்னாரு. பதில் சொல்லவே நேரம் பண்ணிட்டாங்க. எங்க மூணு பேருக்கும் இடம் கீது இலக்கி."

இலக்கியா திரும்பினாள். ஐம்பத்துநான்கு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளையும் சேர்த்தால் ஐம்பத்தைந்து. அவர்களுக்கு நடுவே, விசிறிக் காற்றில் ஓரம் படபடக்க, ஐந்து துண்டுகள் சௌகரியமாகப் படுத்திருந்தன.

"என் வீட்டுக்காரர்," என்றாள். "கூட ரெண்டு பேரு. இடம் இருக்கு. திறக்கலாமா?"

கணக்கு வாத்தியார் வேலவன் எழுந்தார். அவர் கெட்டவரல்ல. பேழைகளை அடுக்கும்போது விரல் நசுங்கியும் வேலையை விடாதவர். "மூணு பேருன்னா நான் முதல்ல கை தூக்குவேன்மா. திறந்தா மூணு பேரோட நிக்குமா? கண்ணாடியில பாரு."

பார்த்தாள். எதிர்ச்சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தினகருக்குப் பின்னால், தள்ளாமல், சத்தம் போடாமல், பஸ்ஸுக்கு நிற்பதைப் போல நெருங்கி நின்றார்கள். உள்ளே மானி முப்பத்தொன்றரை காட்டியது. கதவு திறந்து முப்பது பேர் நுழைந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கு மானி பார்க்காமலே தெரியும். பேழையோரத்தில் மகிழினி ஒருக்களித்துப் படுத்து வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நியாயம் பேசற நேரமா இது?" என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். "தினமும் நம்மளை வந்து எழுப்பற மனுஷன்யா. கையைத் தூக்குங்க."

கைகள் எழும்பின. முதலில் அந்தப் பெண். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஹரிஷ் தரையைப் பார்த்தபடியே தூக்கினார். கொத்தனார் தூக்கவில்லை, அவர் மடியில் இரண்டு பேரக்குழந்தைகள். மகிழினி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து தூக்கினாள். கதவு விடாமல் தட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

வேலவன் விரலால் சுட்டி எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார்.

"இருபத்தேழு," என்றார். "இருபத்தெட்டு வேணும். ஒண்ணு குறையுது."

எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்கள், யாராவது ஒருவர் தூக்கிவிட மாட்டார்களா என்று. அப்புறம் ஒவ்வொருவராகக் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"அம்மா," என்றாள் மகிழினி. "நீ தூக்கலையே."

இலக்கியா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் தாழ்ப்பாள் மேல் இருந்தன. தூக்கியிருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது தூக்கினால் போதும். அவ்வளவுதான், ஒரு கை. அவள் மகளின் வயிற்றைப் பார்த்தாள். மானியைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

தினகர் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிய கைகள் அத்தனையும் அவனுக்குத் தெரிந்தன. அவள் கை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்தது. ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. பிறகு அவன் பார்வை அவளைத் தாண்டி, பேழையோரத்துக்குப் போய், மகளிடம் நின்றது. புரிந்துவிட்டது. கோபமாக அவன் எதுவும் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவன் தலையை மட்டும் மெல்ல அசைத்தான், சரி என்பதைப் போல.

ஆனால் தஸ்லிமாவுக்கு எதுவும் புரியவில்லை. அவள் தட்டினாள். இரண்டு உள்ளங்கைகளாலும் தட்டினாள். தினகர் அவள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான். குழந்தையின் முகத்தைத் தன் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு கண்ணாடியிலிருந்து விலகி நடந்தான். வெள்ளை வெயிலில் அவன் முதுகு சற்று நேரம் தெரிந்தது. தட்டும் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. உள்ளே இருந்தவர்கள் அது நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். இலக்கியாவும் காத்திருந்தாள்.

நின்றது.

வேலவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹரிஷ் கையை இறக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர் இறக்கினார். அப்படியே ஒருவர் பின் ஒருவராக, வலிக்கிறது என்று முனகிக்கொண்டு சிலர், எதுவும் சொல்லாமல் சிலர், எல்லாரும் இறக்கினார்கள். மானி முப்பத்தொன்றரையிலேயே அசையாமல் இருந்தது.

மகிழினி இறக்கவில்லை. சுவரில் சாய்ந்து, தாயைப் பார்க்காமல், கதவை மட்டும் பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். மற்றொரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இலக்கியாவின் இரண்டு கைகளும் இன்னும் தாழ்ப்பாள் மேலேயே இருந்தன.