செவ்வாய்க்கிழமைக் கை

செவ்வாய்க்கிழமை மூன்று மணியானால் அமலோற்பவம் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு தேற்றுக்கை நிலையத்துக்குக் கிளம்பிவிடுவாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் புருஷன் சூசைக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரியும். தோள்வலிக்குப் போகிறவளுக்குப் பவுடர் எதற்கு?

சும்மா சொல்லக்கூடாது, தேற்றுக்கை கெட்டிக்காரக் கருவிதான். வலியில் பாதி சதையில், மீதி பயத்தில் என்று கண்டுபிடித்த பிறகு வந்தது. இரண்டு வெதுவெதுப்பான கைகள் தோளைப் பிடித்துவிடும். ஒரு குரல் பேச்சுக் கொடுத்துப் பயத்தைக் கரைக்கும். நோயாளி நம்புகிற ஓர் ஆளின் பிடியையும் குரலையும் பழைய பதிவிலிருந்து எடுத்து அது அணிந்துகொள்ளும். பத்து வருஷமாகத் தூக்க முடியாத கையைத் தூக்கி அமலோற்பவம் இப்போது சடை பின்னுகிறாள். மணிக்கட்டில் கட்டிய வலிமானியில் எந்நேரமும் பத்துக்கு இரண்டுதான்.

ஆனால் அது யாருடைய கை? கேட்டால் சிரிக்கிறாள், பாவி மக!

பொறுக்கமாட்டாமல் சூசை நிலையத்துக்கே போய்விட்டான். "எம் பொண்டாட்டியத் தொடுதவன் யாருன்னு எனக்குத் தெரியணும், தாயி."

பொறுப்பிலிருந்த பெண் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதாண்ணே. கல்யாணமான புதுசுல அக்காவுக்குத் தோள் விலகினப்ப, ஆஸ்பத்திரியில குடுத்த, பிடியையும் பேச்சையும் பதிஞ்சுவைக்கிற பயிற்சிக் கையுறைய மாட்டிக்கிட்டு நீங்க பிடிச்சுவிட்ட பதிவு."

சூசைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் தன்மேலேயா பொறாமைப்பட்டான்! வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டு மனைவியின் தோளைப் பிடித்தான்.

"இனி அந்த எந்திரம் எதுக்குட்டி? அசல் நான் இங்க இருக்கேன். எங்க வலிக்கு?"

"கொஞ்சம் கீழ..."

"இங்கயா? அசையாத. இங்கயான்னு கேக்கேன்லா, வாயத் திறந்து சொல்லேன்! இதுக்குத்தான் பத்து வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தியாக்கும்."

வலிமானி நான்கு காட்டியது. பிறகு ஐந்து. சூசை இன்னும் அழுத்திப் பிடித்தான். ஏழு.

"விடுங்க," என்று அவள் தோளை மெல்ல உருவிக்கொண்டாள். "செவ்வாக்கெழம அவரு பாத்துக்கிடுவாரு."

"எவரு? அது நாந்தாம்ட்டி!"

"தெரியும்," என்றாள். "ஆனா அவரு கத்தமாட்டாரு. வலிக்கான்னு கேட்டுட்டு, நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் சும்மா இருப்பாரு."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின அந்தப் பயலை எங்கே போய்ச் சட்டையைப் பிடிப்பது? சூசையின் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. அவரைப் பற்றிப் பேசப் பேச, அவள் மணிக்கட்டில் எண் இரண்டுக்கு இறங்கிவிட்டிருந்தது.