தொண்ணூறாம் நாள்

கைப்பேசியில் செல்லாயியின் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று கூவிக்கொண்டிருந்தது. பீப். சிறிது நேரம் அமைதி. மறுபடியும் பீப். வார்டில் சொட்டு மருந்து ஏற்றும் மெஷினின் சத்தம் அது. தூக்கத்தில் கேட்டாலும் ராட்னிக்குத் தெரியும். கம்பார் பக்கத்துப் பழைய தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அது எப்படி?

"உங்க வீட்டுக்காரரு எப்படிக்கா இருக்காரு?"

"இருக்காரு சார்."

திருட்டுக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டான். மலிவுச் சாராயமான சம்சு குடித்துக் குடித்தே கணையம் வெந்துபோய் வர வேண்டியது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓசியில் படுத்துக்கொள்ள வேண்டியது, போகும்போது மெஷினையும் சுருட்டிக்கொண்டு போக வேண்டியது.

கடுமையான கணைய அழற்சிக்காரர்களுக்கு நரம்பில் விட்டமின் சி ஏற்றினால் பிழைப்பார்களா என்று பார்க்க, ராட்னி வேலை செய்யும் ஆஸ்பத்திரி நடத்தும் ஆய்வு அது. பாதிப் பேருக்கு விட்டமின், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று தெரியாமலிருக்க எல்லாப் பைகளுக்கும் கறுப்பு உறை. இருபத்தெட்டாம் நாளும் தொண்ணூறாம் நாளும் போன் போட்டு, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக் குறிப்பதுதான் ராட்னியின் வேலை. இருபத்தெட்டாம் நாள் செல்லாயியின் புருஷன் சீனிக்கு அவன் போன் போடவில்லை. பாதி வைத்தியத்தில் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிய குடிகாரனுக்கு என்ன போன்? 'உயிருடன்' என்று டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

இன்று தொண்ணூறாம் நாள். நாளை தணிக்கைக்கு வருகிறார்கள். பொய் டிக் என்று தெரிந்தால் வேலை போய்விடும், வேறெங்கும் சேர்க்கவும் மாட்டார்கள். ஆளையும் பார்த்துவிட்டு மெஷினையும் மீட்டு வரலாம் என்று ஈப்போவிலிருந்து கிளம்பினான்.

மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் பால்மரம் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு நட்ட செம்பனை. மட்டைகளுக்கடியில் தேங்கிய ஈரமும் அழுகிய குலைகளின் புளித்த வாடையும் காருக்குள் ஏறி அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டன. லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் ஆள் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சுவரில் சீனியின் படம் கண்ணில் பட்டது.

படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் விளக்கு எரிந்தது.

"பத்தொம்பதாம் நாளே புதைச்சாச்சு சார்" என்றாள் செல்லாயி. "அப்புறம் ஒருநாள் சாவு விவரம் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். இல்லலா, உயிரோட இருக்காரு, ராட்னி சார் இன்னிக்குத்தான் எழுதியிருக்காருன்னாங்க. போனை வெச்சேன். வாசல்ல அவரு நின்னாரு."

பைத்தியக்காரி. போய்விடலாம்.

பீப்.

சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. மெஷினை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் எட்டிப் பார்த்தான். ஆணியில் கறுப்பு உறை தொங்கியது. அதிலிருந்து குழாய். கட்டிலில் ஒருவர், தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, முகம் தெரியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கணையம் வெந்தவர்கள் வலி தாங்காமல் உட்காருவது அப்படித்தான். விலாவில் நீலம் பாய்ந்திருந்தது. முதுகெல்லாம் செம்மண்.

மெஷின் இல்லை.

பீப்.



"செத்துட்டாருன்னு எழுதிடுங்க சார்." செல்லாயி அழவில்லை, அதற்கெல்லாம் தெம்பில்லை. "ராத்திரி பகல் இதே வலி. போகட்டும் சார். நீங்க எழுதினாத்தான் போவாரு."

ராட்னி ஆய்வுப் பாரத்தாளை எடுத்தான்.  பத்தொன்பதாம் நாள் இறந்தார் என்று எழுதினால் இருபத்தெட்டாம் நாள் டிக் பொய். வீட்டுக் கடன், கார், பெயர், எல்லாம் போகும். ஒரு சம்சுக் குடிகாரனுக்காகவா? பயத்துக்கு மேலே அந்த அருவருப்பு எழுந்து வந்தது. உட்கார்ந்திருக்கிறானே. பிறகென்ன?

தொண்ணூறாம் நாள். உயிருடன். டிக். கையெழுத்து.

அதுதான் கடைசிக் கட்டம். அதற்குப் பிறகு பாரத்தில் எழுத இடமில்லை.

"எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டாள் செல்லாயி.

கட்டிலில் இருந்தவர் மெல்லத் தலை தூக்கினார். சீனிதான். கண்களில் நீர். வாய் திறந்தது. உள்ளே, செல்லாயி போட்ட வாய்க்கரிசி அப்படியே இருந்தது. ஈரமாக. மண்ணோடு.

அரிசிக்குள்ளிருந்து பீப்.

கறுப்பு உறையிலிருந்து அடுத்த சொட்டு இறங்கியது. சீனி தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.