அப்பா வந்து சொல்லும்வரை

மூன்றாம் தறியின் மிதி நனைந்திருப்பதை முதலில் கண்டவன் கூலிக்கு நெய்கிற தசரதன். காலை எட்டு மணிக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பலகையில் உட்கார்ந்து தறிக்குழிக்குள் காலை விட்டவன், விட்ட வேகத்திலேயே மேலே இழுத்துக்கொண்டான். பாதமெல்லாம் ஈரம். குனிந்து கையால் தடவிப் பார்த்தான். குழியின் மண்தரை காய்ந்து புழுதியாகக் கிடந்தது, சுவர்கள் காய்ந்திருந்தன, காலால் மிதிக்கிற இரண்டு கட்டைகள் மட்டும் கிணற்றிலிருந்து எடுத்துப் போட்டவைபோல் சொட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணா, குழியில தண்ணி ஊத்துனீங்களா?"

கூடத்தில் பட்டு நூலை எடை போட்டுக்கொண்டிருந்த லோகநாதன் தலையைத் தூக்கவில்லை. "ஆமாம்பா. புழுதியா இருந்துச்சி, கொஞ்சம் தெளிச்சேன்."

அவன் தெளிக்கவில்லை. ஆனால் அந்தக் குழியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் ஒரு பொய் தயாராக வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருஷமாக அப்படித்தான். தராசின் முள் ஆடி நின்றது. பார்த்தும் அது மனதில் ஏறவில்லை.

ஐப்பசி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. மழை இன்னும் வரவில்லை.

*

போன வருஷம், இரண்டாயிரத்து நான்கில், அதே தெருவில் ஒரு வீட்டுத் தறியிலிருந்து முக்கால்வாசி நெய்த முகூர்த்தச் சேலையை எவனோ அறுத்துக்கொண்டு போனான். அந்த வாரமே லோகநாதன் பெங்களூருக்கு பஸ் ஏறி, இரண்டு மாதக் குட்டி ஒன்றைப் பிரம்புக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். ஜெர்மன் ஷெப்பர்டு. தெருவில் எல்லாரும் அல்சேஷன் என்றார்கள். முதுகு கறுப்பு, கால்கள் பழுப்பு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். மகள் காவ்யா சீசர் என்று பெயர் வைத்தாள். பழக்குவதற்கு ஆள் வைக்கலாமா என்று மனைவி சுகன்யா கேட்டபோது, "பட்டு நூலையே அடக்கி நெய்யறவனுக்கு நாய் எம்மாத்தம்?" என்றான். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய ஒரு சின்னப் புத்தகமே போதும் என்று நினைத்தான்.

நாட்டு நாயைத் தமிழில் அதட்டலாம், ஜாதி நாய்க்கு இங்கிலீஷ்தான் என்பது ஊரில் எழுதாத சட்டம். சிட். ஸ்டே. கம். குட்டிக்குக் கற்பூர புத்தி. 'ஸ்டே' என்று உள்ளங்கையைக் காட்டினால் உட்கார்ந்த இடத்தில் கல்லாகிவிடும். மூக்குக்கு முன்னால் குளுக்கோஸ் பிஸ்கட்டை வைத்துவிட்டு லோகநாதன் டீக்கடைக்குப் போய் வருவான். எச்சில் நூலாக இறங்கித் தரையில் குளம் கட்டியிருக்கும். பிஸ்கட் வைத்த இடத்திலேயே இருக்கும். விடுவிக்கிற சொல் 'ஓகே'. அதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள் என்பதால் ஒரு பூட்டும் போட்டான். அவன் குரலில் சொல்ல வேண்டும், சொல்லும்போது அவன் கை அதன் தலையில் பட வேண்டும். அதுவரை எழுந்திருக்கக் கூடாது. வேடிக்கை பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

"சொல்லிடுப்பா, பாவம்பா," என்று காவ்யா கையைப் பிடித்து இழுப்பாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்."

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது பத்து நிமிஷமாகும். குட்டியை அலுக்கும்வரை பழக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் போதும், விளையாட்டோடு முடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தையும் அவன் படித்தான். படித்துவிட்டுத் திருப்பினான். காவ்யா அவனைப் பார்த்துப் பார்த்துத் தானும் கற்றுக்கொண்டாள். அவனைப்போலவே உள்ளங்கையைக் காட்டி, "அப்பா வந்து சொல்ற வரைக்கும் எழுந்துக்கக் கூடாது, தெரியுதா?" என்று அதன் காதில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.

ஐந்து மாதத்தில் குட்டிக்குப் பல் அரித்தது. ஐப்பசியில் ஒருநாள், மூன்றாம் தறியில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலைக் கடித்துக் குதறி வைத்தது. ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றாக எடுத்து முடிய வேண்டும். சுகன்யாவும் காவ்யாவும் போளூருக்குப் போயிருந்தார்கள். லோகநாதன் அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கித் தறிக்குழிக்குள் உட்காரவைத்தான். உள்ளங்கையைக் காட்டினான். "ஸ்டே." பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரு கல்யாண வீட்டுக்குச் சேலை கொடுக்கச் சந்தவாசல் போனான். சாயங்காலமே திரும்பிவிடுவதாகத்தான் இருந்தான். மழை பிடித்துக்கொண்டது. ஏரி உடைந்து சாலை போயிற்று. பஸ் இல்லை.

சந்தவாசலில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. தசரதனின் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு, பூட்டை உடைத்துக் குட்டியைத் தூக்கி வெளியே விடச் சொல்லியிருக்கலாம். பூத் வாசலில் ரொம்ப நேரம் நின்றான். மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். ஆரணியில் தறி வைத்திருக்கிற எவனுக்கு அது தெரியாது? அடைமழை வந்தால் நெசவை நிறுத்திவிட்டு வாளியால் இறைப்பதுதானே வேலை. தெரியும். தெரிந்தும் நின்றான். இடுப்பளவுக் குழி, தண்ணீர் வந்தால் குட்டி தாவி ஏறிவிடும் என்று ஒரு மனம் சொன்னது. ராத்திரி முழுக்க எழாமல் இருந்துவிட்டால் ஊரே பேசும் என்று இன்னொரு மனம் சொன்னது. எந்த மனம் அவனை பூத்துக்குள் போகவிடாமல் பிடித்துக்கொண்டது என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் இந்த ஒரு வருஷமாக அவனைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வந்து பூட்டைத் திறந்தபோது குழியில் விளிம்புவரை கலங்கல் தண்ணீர். செத்த நாய் என்றால் மிதக்க வேண்டும். எதுவும் மிதக்கவில்லை. அப்பாடா, ஏறி எங்கேயோ ஓடிவிட்டது என்று நினைத்தபடியேதான் இறைத்தான். முப்பதாவது வாளியிலோ என்னவோ, முதலில் ஒரு காது தெரிந்தது. நிமிர்ந்த காது. பிறகு தலை. இறைக்க இறைக்க அது உட்கார்ந்தபடியே வெளிப்பட்டது; முன்கால்கள் இரண்டும் சேர்ந்து, முகம் வாசல் பக்கம் பார்த்து. மண்சுவரில் ஒரு நகக்கீறல்கூட இல்லை.

சாக்கில் கட்டி, கமண்டல நாகநதி வெள்ளத்தில் விட்டான். வந்தவாசியில் ஒரு சிநேகிதரின் வேர்க்கடலைக் கொல்லைக்குக் காவலுக்குக் கொடுத்துவிட்டதாக மகளிடம் சொன்னான். அங்கே நன்றாகச் சாப்பிடும் என்றும் சொன்னான்.

*

ஈரத்துக்குப் பிறகு வாசனை வந்தது. பட்டு நூலின் நெடியும் கஞ்சியின் புளிப்பும் ஊறிப்போன அந்த வீட்டில், எல்லாவற்றுக்கும் அடியில், நனைந்த ரோமத்தின் வாசனை. சுகன்யாவுக்கு அது தெரியவில்லை. உங்க மூக்குலதான் கோளாறு என்றாள். பகலில் தறிகள் லொட லொடவென்று அடித்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவை ஓய்ந்து, தெருக்கோடிப் பவர்லூமின் இரைச்சல் மட்டும் மெல்லிசாக வந்துகொண்டிருக்கும்போது, மூன்றாம் தறியின் பக்கமிருந்து மூச்சு கேட்கும், நாக்கைத் தொங்கவிட்டு, அவசரமே இல்லாமல், காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒன்றின் மூச்சு. லோகநாதன் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருப்பான். மிதி ஒருமுறை தானாகத் தாழ்ந்து எழும்.

மூன்றாம் நாள் தசரதன் சட்டையைக் கழற்றவே இல்லை.

"வேற எடம் பாத்துக்கறேண்ணா. தப்பா நெனச்சிக்காதீங்க."

"இன்னாப்பா திடீர்னு?"

தசரதன் குழியைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துப் பேசினான். "கால உள்ள வெச்சா எதுவோ வந்து மேல சாஞ்சிக்குது. மொதல்ல பிரமைன்னு உட்டுட்டேன். நேத்து பாதத்த நக்குச்சி. கடிச்சாகூட பரவால்லண்ணா, பாவமா நக்குது. அதான் பேஜாரா கீது."

அன்று சாயங்காலம் குழியின் விளிம்பில் ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் இருந்தது. சுற்றிலும் தரையில் எச்சில்போல் ஈரம். பிஸ்கட் முழுசாக இருந்தது.

"இத யாரு வெச்சது?"

"நான்தான்பா," என்றாள் காவ்யா. "சீசருக்கு. தொடவே மாட்டேங்குது. நீ வந்து ஓகே சொன்னாதான சாப்புடும்?"

"சீசரு வந்தவாசியில கீதும்மா."

"தெரியும்பா." பத்து வயதுப் பெண் பெரிய மனுஷிபோல் தலையாட்டினாள். "திரும்பி வந்துடுச்சிபோல. அது ஏன்பா எப்பவும் நனைஞ்சே கீது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். மடியில் உட்காரவைத்து, நான்தான் கண்ணு, தெரிந்தேதான் விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த முகம் இனி அவனைப் பார்க்காது. பிஸ்கட்டை எடுத்துக் கைக்குள் நொறுக்கினான்.

"போய் வீட்டுப்பாடம் எழுது," என்றான்.

*

ஐந்தாம் நாள் மழை வந்தது. காலையில் தூறலாகத் தொடங்கி மத்தியானத்துக்கு மேல் ஓட்டைப் பிளப்பதுபோல் கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது, கரண்டும் போயிற்று. சுகன்யா அடுப்படியில் இருந்தாள். லோகநாதன் வாளியை எடுத்துக்கொண்டு தறிகளிடம் போனான்.

முதல் இரண்டு குழிகளிலும் கணுக்காலளவு தண்ணீர். மூன்றாவதில் முழங்காலைத் தாண்டியிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் அந்தத் தண்ணீரின்மேல் சின்னச் சின்ன வட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன, ஒரே இடத்திலிருந்து, ஒரே சீராக. கூரை ஒழுகவில்லை. அண்ணாந்து பார்த்தான். ஒழுகவே இல்லை.

ஒரே ஒரு சொல். அதற்காகத்தான் அது ஒரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. வாளியை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிக் குந்தினான். தண்ணீர் சில்லிட்டது. கையை விட்டுத் துழாவினான். மிதிக்கட்டை. சேறு. ரோமம்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலை. நிமிர்ந்த காது. மடிந்த காது. குளிர்ந்த மூக்கு அவன் மணிக்கட்டில் வந்து ஒட்டியது.

"தப்புதான்டா," என்றான். "தெரிஞ்சிதான் உட்டேன். ஓகே. ஓகே, போ."

கைக்கு அடியில் இருந்தது எழுந்தது. தண்ணீர் விலகியது. விளிம்பைப் பற்றும் நகங்கள். பிறகு உடம்பை உதறும் சத்தம். சேறும் நீரும் அவன் முகத்தில் அடித்தன. சிமெண்டுத் தரையில் நகச் சத்தம் கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மழைக்குள் போய் மறைந்தது.

அழுகை வந்தது. நிம்மதியான அழுகை. அழுதுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

எழவில்லை.

கால் மரத்திருக்கும் என்று நினைத்தான். மரக்கவில்லை. விரல்கள் அசைந்தன. ஆனால் அவன் குந்தியிருக்கவில்லை, உட்கார்ந்திருந்தான். எப்போது உட்கார்ந்தான்? இரண்டு கைகளும் முன்னால் சேர்ந்து சேற்றில் ஊன்றியிருந்தன. முகம் வாசல் பக்கம். முகத்தைத் திருப்ப முயன்றான். கூடாது. ஏன் கூடாது? கூடாது.

தண்ணீர் மார்புக்கு வந்தது.

சுகன்யாவைக் கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு தொங்கியது. மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சு.

மெழுகுவத்தி வெளிச்சம் ஒன்று நெருங்கியது. காவ்யா. விளிம்பில் குந்தி அவனைப் பார்த்தாள். கண்களில் பிரியம். அப்பாவைப் பார்க்கிற பார்வை இல்லை அது, சீசரைப் பார்க்கிற பார்வை. கவுன் பாக்கெட்டிலிருந்து பிஸ்கட் ஒன்றை எடுத்து, அவன் மூக்குக்கு முன்னால் தரையில் வைத்தாள். உள்ளங்கையைக் காட்டினாள்.

"ஸ்டே. அப்பா வந்து சொல்ற வரைக்கும் எழுந்துக்கக் கூடாது, தெரியுதா?"

அடுப்படியிலிருந்து சுகன்யாவின் குரல் வந்தது. "காவ்யா, உங்கப்பா எங்கடி?"

"வந்தவாசிக்குப் போயிட்டாரும்மா." மெழுகுவத்தியோடு அவள் எழுந்து போனாள். "அங்க நல்லா சாப்புடுவாரு."

இருட்டு. மழை. இடுப்பளவுக் குழிதான், எழுந்தால் போதும். சொல்ல வேண்டிய குரல் அவனுடையது. தலையில் பட வேண்டிய கை அவனுடையது. கை சேற்றில் ஊன்றியிருந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தாடைக்கு வந்தது. விளிம்பில் ஏறிப் பிஸ்கட்டைத் தொட்டது. பிஸ்கட் மெல்ல மிதந்து வந்து அவன் உதட்டில் முட்டியது.

அவன் வாயைத் திறக்கவில்லை.