மூன்றாவது இலைக்கு இருபது கிராம்

பதினொன்றே முக்காலுக்கு மாசிலாமணி அடுக்காவியை முடுக்கினார். கீழ்த் தட்டு சோற்றுக்கு, மேல் தட்டு காய்க்கு. மேலே அவரைக்காயையும் பூசணித் துண்டுகளையும் பரப்பி, பக்கத்துத் தொட்டியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடியைச் சாத்தினார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து சமையல் அவர் பொறுப்பு. மனைவி பவளக்கொடி உள்ளறைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பத்து மைல் தள்ளியிருக்கும் கடல்நீர் ஆலையின் வால்வுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அரிசி அளக்கிற வேலை மட்டும் யாருக்கும் கிடையாது. அடுக்ககத்தின் பொதுக் குதிரிலிருந்து குழாய் வழியாக அதுவே வந்து விழும். அதற்கு முன் எத்தனை இலை, அதாவது எத்தனை பேருக்கு என்று அடுக்காவியின் திரை சொல்லும். பெரும்பாலும் இரண்டு.

இன்று மூன்று என்றது.

மாசிலாமணி கண்ணைச் சுருக்கி அடுத்த வரியைப் படித்தார். ‘மூன்றாவது இலை: நன்கு குழைய.’ அதற்குக் கீழே ஏதோ எண். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

“ஏளா! சித்தப்பா வாறாவ போல!”

“எப்படித் தெரியும்?” உள்ளிருந்து பவளக்கொடியின் குரல்.

“குழையக் கேக்குதுல்லா. பொக்கை வாய்க்கு வேற யாரு கேப்பா?”

ஆவுடையப்பன் சித்தப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது. வந்தால் நான்கு நாள். கடல் தூத்துக்குடிக்குள் வந்த வருடம் உப்பளத்திலிருந்து தான் நீந்திக் கரையேறிய கதையை நாளைக்கு இரண்டு முறை சொல்வார். ஒவ்வொரு முறையும் தூரம் ஒரு மைல் கூடும்.

திரையில் இரண்டு பொத்தான்கள் மின்னின. ஏற்பு. மறு.

பஞ்சம் நாலு வருடம் நாட்டை உலுக்கிவிட்டுப் போன பிறகு வந்த சட்டம் இது. ஒரு பருக்கைகூட வீணாகக் கூடாது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சில்லு. யார் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள், எந்த வீட்டில் சாப்பாட்டு வேளைக்குப் போய் நிற்பார்கள் என்று ‘இலைக்கணிப்பு’ முன்கூட்டியே சொல்லிவிடும். வருகிறவர் பெயரைச் சொல்லாது, அது அந்தரங்கம். வேண்டாம் என்றால் மறு. வருகிறவர் கையில் ‘இன்று வசதிப்படாது’ என்று இரண்டு சொல் ஒளிரும். அவ்வளவுதான். அவர் அப்படியே திரும்பிவிடுவார். வாசலில் நின்று மூஞ்சியைச் சுளிக்க வேண்டியதில்லை, பொய்க் காரணம் தேட வேண்டியதில்லை. ஊரில் கதவைத் தட்டுகிற சத்தமே அற்றுப்போயிருந்தது.

மாசிலாமணி கட்டைவிரலை மறு மேல் வைத்தார். இரண்டு இலைக்கான அரிசி சலசலவென்று விழுந்தது. ஆவி சீறத் தொடங்கியது.

ஐந்து நிமிடம்கூட நிம்மதி இல்லை. வயசான மனுஷன், வெயிலில் திரும்பிப் போவாரே! மனசு கேட்காமல் சித்தப்பாவை அழைத்தார்.

“யாருலே, மாசிலாமணியா?” கிழவர் குரல் கணீரென்று வந்தது. பின்னணியில் ஏதோ நொறுங்கிற்று.

“எங்க இருக்கீய சித்தப்பா?”

“எங்க இருப்பேன்? கயத்தாத்துல கட்டில்ல இருக்கேன். பல்லு கட்டியாச்சுடே! முறுக்கு கடிக்கேன், சத்தம் கேக்கா?”

மாசிலாமணி அழைப்பைத் துண்டித்தார்.

பவளக்கொடி எழுந்து வந்து திரையைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“ஏங்க, கண்ணாடிய எங்க வெச்சீய? இருபது கிராம்னு போட்டிருக்கு. இருபது கிராம் அரிசிய எந்தக் கிழவன் திங்கான்? இது பச்சப்புள்ள சாப்பாடுல்லா!”

“புள்ள தனியாவா டிராம்ல வரும்? தூக்கிட்டு வாறவளுக்கு இலை விழணும்லா?”

பவளக்கொடி அவரையே பார்த்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விலக்குப் பட்டியல் உண்டு; அதில் இருப்பவர்கள் வாசலில் வந்து நின்றாலும் அவர்களுக்கு இலை விழாது. இந்த வீட்டுப் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பெயர். உமையாள். யாரிடமும் சொல்லாமல் ஜெபராஜுடன் பதிவாளர் முன் கையெழுத்துப் போட்ட அன்று, பெற்ற மகளின் பெயர் மேல் மாசிலாமணிதான் கட்டைவிரல் வைத்தார். இரண்டு வருடமாகிறது. குழந்தை பிறந்த சேதிகூட இந்த வீட்டுக்கு வரவில்லை.

“பேத்தியா, பேரனா?” என்றாள் பவளக்கொடி. “அதுகூடத் தெரியாம விரட்டிட்டீயளே!”

அவர் திரையில் எதை எதையோ தட்டினார். மறுத்த இலையை இன்று மீட்க முடியாது என்றது. விலக்கை நீக்க விண்ணப்பித்தால் யோசனைக் காலம் ஏழு நாள் என்றது. அரிசி ஒரு குருணைகூட இறங்காது.

மாசிலாமணி அடுக்காவியின் மூடிமேல் கை வைத்தார்.

“பாதி வேக்காட்டுல திறக்கப் போறீயளா? அடுக்காவிய ஒரு வாரத்துக்குப் பூட்டிப்போடுவான்!” என்றாள் பவளக்கொடி.

“போடட்டும்.”

மூடியை நெம்பி, மேல் தட்டைத் தூக்கி வைத்தார். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. எந்திரம் காது கிழியக் கூவியது. கெட்டிலில் இருந்த வெந்நீர் முழுவதையும் சோற்றில் கவிழ்த்தார். சோறாக இருந்தால் இரண்டு பேருக்கு. கஞ்சியானால் நான்கு பேருக்கு.

“கிண்டிட்டே இரி,” என்று கரண்டியை மனைவி கையில் திணித்துவிட்டு ஓடினார். திரும்பிப் போகிற டிராம் பன்னிரண்டு இருபதுக்கு. அது ஒரு நிமிடம்கூடப் பிந்தாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

நிறுத்தத்தை அவர் எட்டிய நேரம் டிராம் நின்றிருந்தது. உமையாள் இடுப்பில் குழந்தையோடு ஏறிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். மாசிலாமணி காலைத் தூக்கிப் படியில் வைத்தார். இப்போதெல்லாம் ஓட்டுநர் இல்லாத வண்டி. படியில் பாரம் இருந்தால் நகராது.

“ஏட்டி, நில்லு.”

அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவரால் சமாளித்திருக்க முடியும்.

“வசதிப்படாதுன்னு வந்துட்டுதுப்பா. பரவால்ல, நாங்க கிளம்புதோம்.”

“எதுக்கு வந்தே? சொல்லிட்டுப் போ.”

“நேத்துத்தான் இவளுக்கு இலை திறந்தாங்க. ஆறு மாசம் முடிஞ்சுட்டுதுல்லா. முதச் சோறு நம்ம வீட்டுல ஊட்டணும்னு ஒரு இது.” குழந்தையின் தலையைத் தடவினாள். “எனக்கு விழாதுன்னு தெரியும். இவளுக்கு விழும்னு நெனச்சேன்.”

‘படியை விட்டு விலகவும்’ என்றது டிராம்.

“நான்தான் அழுத்துனேன்,” என்றார் மாசிலாமணி. “யாருன்னு தெரியாது. சித்தப்பான்னு நெனச்சு அழுத்திட்டேன்.”

“தெரிஞ்சிருந்தா?”

உள்ளே ஒருவன் பொறுமையிழந்து கத்தினான். “பெரியவரே, குடும்பச் சண்டைய கீழ இறங்கி வெச்சுக்கிடும்! எனக்குச் சோறு ஆறுது!”

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே சொல். மாசிலாமணி மகளின் முகத்தைப் பார்த்தார். பொய் வரவில்லை.

“தெரிஞ்சிருந்தாலும் அழுத்தியிருப்பேன்மா. அவ்வளவு வீம்பு எனக்கு. ஆனா நீ வாசல்ல வந்து நின்னிருந்தா, உன் மூஞ்சியப் பார்த்துப் போன்னு சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. விரலுக்கு என்ன, கண்ணா இருக்கு?”

குழந்தை தாத்தாவின் மூக்கை எட்டிப் பிடித்து இழுத்தது. பிறகு உமையாள் இறங்கினாள். டிராம் ஒரு விசில் சத்தத்தோடு கிளம்பியது. அந்த விசில் சோறு ஆறுகிறவனுடையது.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பவளக்கொடி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். பெயர் கேட்டாள். “மரியபவளம்” என்றாள் உமையாள். பவளக்கொடி உடைந்து அழுதாள்.

மாசிலாமணி கஞ்சியை மசித்து, பூசணியைக் கொஞ்சம் பிசைந்து, ஆற வைத்து, ஆள்காட்டி விரல் நுனியால் எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தார். அது முகத்தைச் சுளித்தது. துப்பியது. யோசித்தது. வாயைத் திறந்தது.

மற்றவர்கள் ஆளுக்கொரு கிண்ணம் குடித்தார்கள். யாருக்கும் வயிறு நிறையவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அடுக்காவியின் திரையில் சிவப்பாக ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது: பூட்டப்பட்டது, ஏழு நாள்.

“ஏழு நாளைக்கு என்னத்தத் திங்க?” என்றாள் பவளக்கொடி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நம்ம வீட்டுக்கு வாங்க,” என்றாள் உமையாள். “ரெண்டு பேரும் டிராம் ஏறுனீயன்னா அங்க அஞ்சு இலை விழும்.”

மாசிலாமணி கிண்ணத்தைக் கீழே வைத்தார். “எங்களுக்கு எப்படி விழும்? உங்க பட்டியல்ல...”

“எந்தப் பட்டியல்ல?” உமையாளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “நாங்க யாரையும் விலக்கலயேப்பா. ரெண்டு வருசமா தெனம் காலையில அவரு திரையப் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போறாரு. இன்னிக்கு உங்கப்பாவுக்கு இலை விழுதான்னு.”