முன்பு நாய் வளர்த்ததுண்டா?

அகரம்தென் தாண்டி, பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை ஒன்றில் இருந்தது அந்த நாய்கள் காப்பகம். சனிக்கிழமை காலை பதினொரு மணி. டெட்டால் வாசனையும் வெந்த சோற்றின் வாசனையும் நாற்பது நாய்களின் குரைப்பும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நானும் என் மனைவி ரமாவும் பதினோரு வயது மகள் ஸ்நேகாவும் பெருங்களத்தூரிலிருந்து காரில் போயிருந்தோம்.

நாய் வேண்டும் என்று கேட்டவள் ஸ்நேகா. எதையும் வாய்விட்டுக் கேட்காத பெண். போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் என் எதிரில் வந்து நின்று, "அப்பா, நான் பெரியவளாயிட்டேன். இப்பல்லாம் கதவைச் சரியா சாத்தறேன். ஒரு நாய் வளர்க்கலாமா?" என்றாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஏன் மறைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவன். பேய், பிசாசு என்று எவனாவது வாய் திறந்தால் வகுப்பே சிரிக்கும்படி கிண்டல் செய்து உட்கார வைத்துவிடுவேன். இதைப் படித்து என் மாணவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு இனிமேல் போவதற்கு மானம் ஒன்றும் பாக்கியில்லை.

காப்பகத்தை நடத்தும் ஜஹீரா முப்பது வயதுப் பெண். டெரியர் வகையில் ஒரு சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெல்லக்கட்டி நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருந்தது. பார்த்தவுடனே ஸ்நேகா அதற்கு வெல்லம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"வண்டலூர் பாலத்துக்குக் கீழ யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க சார். பட்டினியில கெடந்த நாய். தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்காது, பாருங்க" என்ற ஜஹீரா, ஒரு படிவத்தை நீட்டினாள்.

மூன்றாவது கேள்வி: முன்பு நாய் வளர்த்ததுண்டா? ஆம் எனில், அது இப்போது எங்கே?

என் பேனா நின்றுவிட்டது. ரமா காதருகே குனிந்தாள். "தொலைஞ்சு போச்சுன்னு எழுதினா தர மாட்டா. இல்லைன்னு போடுங்கோ, போறும்."

"மிளகு இருந்ததேப்பா" என்றாள் ஸ்நேகா, மெல்ல.

நான் இல்லை என்று எழுதினேன்.

நாற்பது நாய்களும் ஒரே நேரத்தில் குரைப்பதை நிறுத்தின.

கொட்டகையின் மின்விசிறி கறகறவென்று சுற்றும் சத்தம் அப்போதுதான் கேட்டது. ஒவ்வொரு கூண்டிலும் நாய்கள் எழுந்து நின்றிருந்தன. அவை எங்களைப் பார்க்கவில்லை. என் கால்களுக்குப் பக்கத்தில், காலியாகக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?" என்றாள் ஜஹீரா. ஒரு நிமிடத்தில் குரைப்பு மறுபடி ஆரம்பித்தது. அவளும் அதை மறந்துவிட்டு விதிகளைச் சொன்னாள். ஆறு மாதம் வரைக்கும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாயை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடியில். வாசற்கதவுக்குள் வந்ததும் ஸ்நேகா தாழ்ப்பாளைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். போய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தாள். நான்கு வருடமாக எந்தக் கதவையும் அவள் மூன்று தடவை பார்க்காமல் விட்டதில்லை. நான் பால்கனிக்குப் போய் வெல்லத்தைத் துடைக்கும் துண்டைக் காயப்போட ஒரு கொடி கட்டினேன். என் முடிச்சு எங்கள் வீட்டில் பிரசித்தம். மூன்று சுற்று சுற்றி உள்ளே விட்டு இழுப்பேன். அதை அவிழ்க்க அரிவாள்மணைதான் வேண்டும் என்று ரமா கேலி செய்வாள்.

அன்று மத்தியானம் தட்டில் தயிர்சாதம் வைத்தோம். வெல்லம் பாய்ந்து வந்து பாதியைத் தின்றது. பிறகு நிமிர்ந்து, இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. யாரோ சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

"புது இடம், கூச்சப்படறது" என்றாள் ரமா.

நான் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குத் திரும்பினேன். பின்னால் நக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தட்டு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெல்லம் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. அதன் வாயோரம் உலர்ந்திருந்தது.

பள்ளியில் பரீட்சை நேரம், மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன்; தினமும் இப்படித்தான் நடந்தது. புதிதாக வாங்கிய மெத்தையில் வெல்லம் பாதியில்தான் படுக்கும். மறு பாதி குழிந்திருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு வீடு அடங்கிக் கிடக்கும்போது டைல்ஸ் தரையில் நகங்கள் நடக்கும் சத்தம் கேட்கும். வெல்லம் என் காலடியில் தூங்கிக்கொண்டிருக்கும். நடப்பது அதுவல்ல. நகச் சத்தத்தோடு கூடவே ஏதோ தரையில் இழுபடும். கயிறு இழுபடும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெயிலில் காய்ந்த கருங்கல்லின் வாசனையும், லேசாகத் துளசி வாசனையும் ஹாலில் வந்து நிற்கும்.

எட்டு நாள் கழித்து, முதல் வீடியோ அனுப்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு எடுத்து அனுப்பினேன். வெல்லம் பந்தை உருட்டுகிறது, ஸ்நேகா சிரிக்கிறாள், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஜஹீரா கூப்பிட்டாள்.

"சார், முன்னாடி நாயே வளர்த்ததில்லைன்னு ஃபார்ம்ல போட்டிருக்கீங்க. வீட்ல வேற நாய் இருக்கா?"

"இல்லையேம்மா."

"அப்ப டைனிங் டேபிள் கீழ நிக்கிறது யாரோடது?"

என் கைபேசியில் வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். மேசைக்கடியில் ஒன்றும் இல்லை. அவளோ தன் கைபேசியில் தெரிவதைப் படமாக எடுத்து அனுப்பியிருந்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திறந்தேன்.

சின்னக் கருப்பு நாய். இடது காதில் மட்டும் வெள்ளை.

மிளகு.

கழுத்தில் நீல நைலான் கயிறு. கயிறு தொய்வில்லாமல் இழுபட்டிருந்தது. மறுமுனை வீடியோ எடுத்தவன் கைப்பக்கம் வந்து, படத்தின் ஓரத்தில் முடிந்திருந்தது.

எடுத்தது நான்.

சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் செம்பாக்கத்தில், ஏரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் நாயை அனுப்பு, இல்லையென்றால் காலி பண்ணு என்றார். வேறு வீடு பார்க்க எனக்குச் சோம்பல். அதுதான் உண்மை, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. சித்திரை மாதம், ஒரு விடியற்காலை, மற்ற இருவரும் தூங்கும்போது மிளகைக் காரில் ஏற்றிச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். பெருமாள் சன்னிதி, பிரசாதம் வாங்கும் கூட்டம், யாராவது ஒரு வாய் புளியோதரை போட மாட்டார்களா, பெருமாள் பார்த்துப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறக்கிவிட்டால் காரின் பின்னாலேயே ஓடி வந்தது. இரண்டு தடவை ஓடி வந்தது. அதனால் கோவில் குன்றுக்குப் பின்புறம், பூட்டியிருந்த ஒரு பூக்கடையின் கல்தூணில் கட்டிவிட்டேன். கடை திறந்ததும் அவிழ்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு உள்ளே போய்த் தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இருவரும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழு வயது ஸ்நேகா கேட்டருகே நின்று அழுதாள். ரமா, "கேட் எப்படித் திறந்திருந்தது?" என்று கேட்டாள். கோவிலுக்குக் கிளம்பும்போதே திறந்துதான் கிடந்தது என்று சொல்லிவிட்டு நான் ஸ்நேகாவைப் பார்த்தேன்.

"நேத்து சாயங்காலம் நீதானே கடைசியா உள்ள வந்தே? தாழ்ப்பாள் போட்டியா?"

இவ்வளவுதான் கேட்டேன். மீதியைக் குழந்தையே தன் தலையில் போட்டுக்கொண்டது.

படத்தைப் பார்த்த மறுநாள், பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். பூக்கடை திறந்திருந்தது. தேவானந்தம் என்ற பெரியவர் துளசி கட்டிக்கொண்டிருந்தார். தூணைப் பார்த்தேன். மூன்று சுற்று நீல நைலான், வெயிலில் வெளுத்துப்போய், இன்னும் அங்கேயே இருந்தது.

"இது என்ன கயிறுங்க?"

"அத்த ஏன் சார் கேக்குற. நாலு வருசம் ஆச்சு. எவனோ ஒரு நாயக் கட்டிட்டுப் பூட்டான். நான் கடைய மூடிக்கினு பொண்ணு வூட்டுக்குப் போயிருந்தேன். அஞ்சு நாள் கழிச்சு வந்து பாத்தா..." அவர் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "சித்திர வெயிலு சார். கிரிவல நாளு இல்லேன்னா இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வராது. கயித்தக் கடிச்சுக் கடிச்சு வாயெல்லாம் புண்ணு. முடிச்ச அவுக்கவே முடில. கத்தி வெச்சு அறுத்துத்தான் எடுத்துப் பொதச்சேன்."

அறுந்த நாரை ஓரமாகப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கட்டுனவன் நல்லா இருப்பானா சார்?"

"இருக்க மாட்டான்" என்றேன். அவர் எனக்கு ஒரு முழம் துளசி கொடுத்தார். ஏதோ நல்ல மனுஷன், நாய்க்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்திருப்பார். அதை வாங்கிக்கொண்டேனே, அந்தக் கையை என்ன செய்வது? அவர் உள்ளே போனதும் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஸ்நேகா தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. அவள் மூன்றாவது தடவை கை வைக்கும்முன், "ஸ்நேகா, நீ தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தே" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ரமா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டாள். சொல்லும்போது என் குரல் வகுப்பில் பாடம் நடத்தும் குரல் மாதிரியே இருந்தது. அதுகூட வெட்கமாக இருந்தது.

ஸ்நேகா அழவில்லை. "நீங்க கிளம்பறச்சே அது குரைச்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை. வாலை ஆட்டிண்டு உக்காந்திருந்தது. திரும்பி வருவேன்னு நினைச்சிருக்கும்."

அவள் எழுந்து வாசற்கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளை நீக்கினாள். கதவை விரியத் திறந்துவைத்தாள். பிறகு வெல்லத்தைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ரமா பேசுகிறாள், ஆனால் "ஏன்னா" என்று கூப்பிடுவதில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. மறுநாள் மத்தியானம் வெல்லம் தட்டு முழுவதையும் தானே தின்று தீர்த்தது. நகச் சத்தம் இல்லை. இழுபடும் சத்தம் இல்லை. என் பாவம் போய்விட்டது என்று நினைத்தேன். என்னை மாதிரி ஆட்களுக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும், தீர்த்தம் குடித்துவிட்டு வந்த ஆளல்லவா.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வீடியோவை ஸ்நேகாவே எடுத்தாள். நான் பால்கனிப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வீடியோவோடு அவள் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தது பிறகுதான் தெரிந்தது: "ஃபார்ம்ல மூணாவது கேள்விக்கு பதில் தப்பு. எங்காத்துல முன்னாடி ஒரு நாய் இருந்தது. பேரு மிளகு. அப்பா அதைக் கட்டிப்போட்டு விட்டுட்டு வந்துட்டார்."

ஜஹீரா கூப்பிட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெல்லத்தைத் திருப்பி எடுக்க மாட்டேன் சார். அதை நான் பாப்பாவுக்குத்தான் குடுத்திருக்கேன், உங்களுக்கு இல்ல."

"சரிம்மா."

"கருப்பு நாய் இந்த வாரம் டேபிள் கீழ இல்ல சார்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா..." அவள் குரல் தணிந்தது. "உங்க கழுத்துல அது என்ன சார்?"

கழுத்தைத் தடவிப் பார்த்தேன். பூணூல்கூட அவ்வளவு மேலே இல்லை. வெறும் தோல்.

அவள் அனுப்பிய படத்தில் நான் குனிந்து விடைத்தாள் திருத்துகிறேன். என் கழுத்தில் நீல நைலான் கயிறு மூன்று சுற்று சுற்றியிருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு, ஹாலைக் கடந்து, ஸ்நேகா திறந்துவைத்திருந்த வாசற்கதவு வழியாக வெளியே போகிறது. படிக்கட்டுப் பக்கம் இருட்டாக இருப்பதால் மறுமுனை தெரியவில்லை.

முடிச்சு என்னுடையது.

கத்தரிக்கோல், பிளேடு, எல்லாம் கொண்டு கழுத்தருகே காற்றை வெட்டிப் பார்த்துவிட்டேன். கதவைச் சாத்தினால் ஸ்நேகா ஒரு வார்த்தை பேசாமல் வந்து திறந்துவிட்டுப் போகிறாள். நானும் இப்போது சாத்துவதில்லை. சாத்தச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

நேற்று மத்தியானம் மூன்று மணி. வெல்லம் எழுந்து வாசலைப் பார்த்து வாலை ஆட்டியது. கீழே படிக்கட்டில் நகச் சத்தம் கேட்டது, அவசரமில்லாமல், இறங்கிப் போகிற சத்தம்.

கயிறு லேசாக இழுத்தது.